ஏ.சி. அறையில் கள்ளிமுளையான்

மேனேஜர் சொன்ன வேலையைச் சொன்ன அளவுக்கு மட்டும் செய்யவேண்டும். அதற்கு மேல் ஆர்வம் காட்டியதில் என் முதல் வேலையே போகப் பார்த்தது.

1991. ஒரகடம் பக்கம் அப்போது பொட்டலும் பாறையும்தான். அங்கே பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்ன ஒர்க்‌ஷாப்பில் நான் டைப்பிஸ்ட். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெரிய ஆர்டர் விஷயமாகச் சென்னையிலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. "மேஜை மேல ஏதாவது பூ வைம்மா," என்றார் மேனேஜர்.

பின்பக்கப் பாறையில் அதைப் பார்த்தேன். பேருக்குக்கூட மண் இல்லை. மழை பெய்து எத்தனையோ மாதம். அந்தக் கல் இடுக்கில், இலையே இல்லாத, நாலு பட்டையாகச் சதைப்பிடித்த தண்டு. உச்சியில் கருஞ்சிவப்பு நட்சத்திரங்களைச் சேர்த்துப் பிடித்தாற்போல ஓர் உருண்டைப் பூங்கொத்து. மூச்சே நின்றுவிட்டது. (காற்று என் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. அதுதான் வினை.)

வாட்ச்மேன் துரை அண்ணன் ஓடி வந்தார். "கள்ளிமுளையான்மா அது. தண்டைத் துன்னலாம். பூவை யாரும் வூட்டுக்குள்ள வைக்க மாட்டாங்க."

"உங்களுக்கு ரசனை இல்லண்ணே," என்றேன். (இருபத்திரண்டு வயது. பி.காம். வேறென்ன சொல்வேன்?)

அதே காற்றில், வெளியிலேயே செடியைத் தொட்டியில் நட்டு, கம்பெனியின் ஒரே ஏ.சி. அறையில் வைத்து ஜன்னலெல்லாம் சாத்தினேன். விருந்தாளிகள் வந்த பத்தாவது நிமிடம் மேனேஜர் மூக்கைச் சுருக்கினார். வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்து, தன் ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தார். பாவம்.

"எலி செத்துக் கிடக்குது சார்!" என்று அறிவித்தவள் நான். தேடுதல் வேட்டைக்குத் தலைமையும் நானே. பீரோவை நகர்த்தச் சொன்னேன். மேலிருந்த ஃபைல்கள் ஷூ கழற்றியவர் தலையில் கொட்டின. கடைசியில் ஜன்னலைத் திறந்தேன்.

ஈக்கள் வந்தன. ஒன்று, ஐந்து, ஒரு படை. டீ கிளாஸை ஒன்றுகூடத் தொடவில்லை. நேராகப் பூவுக்குப் போயின. எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

வாசலிலிருந்து துரை அண்ணன் குரல்: "எலி இன்னாம்மா, பூத்துக்கினு கீது!"

மீதிப் பேச்சு வேப்பமரத்தடியில் நடந்தது. ஆர்டர் கிடைத்துவிட்டது. என் வேலை நிரந்தரமாவதுதான் ஆறு மாதம் தள்ளிப்போனது.

மாலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு செடியைப் பாறைக்கே கொண்டுபோனேன். உற்றுப் பார்த்தால், பூவின் மேல் ஈக்கள் முட்டையிட்டிருந்தன. அழுகிய இறைச்சி என்று நம்பி! நகர முடியாத ஒரு செடி, வெறும் கல்லில் நின்றபடி, பறக்கிற ஜீவன்களை வரவழைத்து மகரந்தம் சுமக்க வைக்கிறது. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருட்டும்வரை நானும் அந்த ஈக்களோடு அங்கேயே நின்றேன்.

இந்தக் கதை என் மகளுக்கு மனப்பாடம். இப்போதும் ஜவுளிக்கடையில் ஒரு புடவை முன்னால் நான் சற்று அதிகமாக நின்றுவிட்டால் போதும், கடையே கேட்கும்படி கூப்பிடுவாள்: "அப்பா, சீக்கிரம் வாங்க! ஈ உக்காந்துடுச்சு!"