நம்ம ஆளிடமிருந்து வராது

நோய் என்றாலே நடுங்குகிறவர்கள் ஒரு கூட்டம். எனக்கெல்லாம் ஒன்றும் வராது என்று மார் தட்டுகிறவர்கள் இன்னொரு கூட்டம். இந்த இரண்டு பேரையும் ஊரே கேலி செய்து முடித்தாகிவிட்டது, விட்டுவிடுவோம். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதை யாரும் சீண்டுவதில்லை, ஏனென்றால் அதற்கு எல்லாம் தெரியும். கிருமி இரும்பில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும், அட்டையில் எவ்வளவு நேரம், எந்த மருந்தைக் கண்டால் சுருண்டு விழும், எதைக் கண்டால் சிரிக்கும், எல்லாம் அத்துப்படி. கிருமிக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்பது மட்டும் தெரியாது. அந்நியர் மூச்சில் வரும், அறிந்தவர் மூச்சில் வராது என்று அடிமனதில் ஒரு சட்டம் போட்டு வைத்திருப்பார்கள். பெயர் தெரிந்தால் பாதிச் சுத்தம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் முழுச் சுத்தம். இப்படி ஒருவரை நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள்.

இந்த இனத்தின் உயர்ந்த ரகத்தைப் பார்க்க வேண்டுமானால், கொரோனா வந்த முதல் வருஷம், பம்பாய் செம்பூரில் குறுகலான மாடிப்படி உள்ள ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு வாருங்கள். அங்கே தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜெயசீலி சிஸ்டருடையது. பூர்வீகம் நாசரேத் பக்கம். பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாம் தாராவியில்.

சிஸ்டர் வராந்தாவில் நடந்து வந்தால் நர்சுகள் தாமாகவே கையை நீட்டுவார்கள். சிஸ்டர் குனிந்து மோந்து பார்ப்பார். சானிட்டைசர் வாசம் வந்தால் தலையசைப்பு, வராவிட்டால் அங்கேயே ஒரு பாடம். விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் அடி, மணிக்கட்டு என்று வரிசை தப்பாமல் சொல்லி, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைத்து, திருப்பிச் சொன்னதைச் செய்ய வைத்து, செய்ததை மறுபடியும் மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போவார். நோயாளியைப் பார்க்க வந்த ஒருவருடைய மாஸ்க் மூக்கிலிருந்து கொஞ்சம் இறங்கியிருந்தால் போதும். "பாய்சாப், மாஸ்க் ஊப்பர் கரோ. நாக் கே ஊப்பர்" என்று வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும். குரல் தெளிவாகக் கேட்பதற்காகச் சிஸ்டர் தன் மாஸ்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டிருப்பார். மாஸ்க் எப்படிப் போட வேண்டும் என்று புதிய நர்சுகளுக்கு அவர் எடுத்த வகுப்பு முழுவதும் அந்த மாஸ்க் தாடையிலேதான் இருந்தது. பின்வரிசைக்குக் கேட்க வேண்டாமா?

கிளவுஸ் விஷயம் இன்னும் விசேஷம். கிளவுஸ் மாட்டிவிட்டால் தனக்குக் கை என்று ஒன்று இருப்பதே சிஸ்டருக்கு மறந்துவிடும். நோயாளிக்கு ஊசி போட்ட அதே கிளவுஸோடு போனை எடுப்பார், லிஃப்ட் பொத்தானை அமுக்குவார், எதிரே வரும் நர்ஸ் ரீனாவின் கலைந்த முடியைத் தொப்பிக்குள் தள்ளிவிடுவார். ரீனா அவருக்கு மகள் மாதிரி. ரீனாவின் நெற்றியில் போய் எந்தக் கிருமி உட்காரும்?

இவ்வளவுக்கும் சிஸ்டர் ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிறவர் இல்லை. வீட்டில் இதைவிடக் கடுமை. கணவர் சூசைமாணிக்கம் தாராவித் தோல் பட்டறைகளில் உழைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனிதர். இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் நடுவில் ஒரு இளைப்பு வரும். "இவருக்கு வந்தா தாங்க மாட்டார், பாத்துக்கோ" என்று டாக்டர் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து சிஸ்டருக்குச் சரியான தூக்கம் இல்லை. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. அந்த மனிதர் மேல் அவருக்கு அத்தனை பிரியம், அத்தனை பயம்.

அவர்களுக்கு இருப்பது ஒரே அறை, அதன் மேல் ஏணி வைத்து ஏறும் ஒரு மச்சு. சூசைமாணிக்கத்தை மச்சில் ஏற்றிவிட்டுச் சிஸ்டர் கீழே படுத்துக்கொண்டார். சாப்பாடு ஏணியின் பாதிப் படி வரை வரும், மீதிப் பாதி அவர் இறங்கி எடுத்துக்கொள்ள வேண்டும். காய்கறி எல்லாம் டெட்டால் தண்ணீரில் முங்கி எழுந்ததில் புளிக்குழம்பிலும் ஆஸ்பத்திரி வாசம் அடித்தது. பொதுக் கக்கூசுக்குப் போகும்போது மட்டும் சூசைமாணிக்கத்துக்கு விடுதலை, அதுவும் கண்ணாடி, மாஸ்க், கிளவுஸ் எல்லாம் அணிந்து. கல்லிச் சந்துப் பிள்ளைகள் அவரைப் பார்த்தால் வழிவிட்டு நின்றார்கள்.

"ஏட்டி, கரீம் பாட்சா கட வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துருதேன். வெளிய நின்னு ஒரு டீ, அம்புட்டுதான்."

"டீதான வேணும்? நான் போட்டுத் தாரேன்."

"அங்கன்னா டீயோட நாலு பேச்சும் கெடைக்கும்லா."

"பேச்சுலதான் பரவுது இது. பேசாம மேல ஏறுங்க."

சூசைமாணிக்கம் ஏறிவிட்டார். மேலே போய் இளைப்பு அடங்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "செயிலுல கூட டீ குடுப்பானாம்" என்று கூரையிடம் சொன்னார்.

இப்போது சிஸ்டருடைய நர்சிங் ஹோமில் ஒரு மத்தியானம். பிபிஇ கிட்டைக் கழற்றுவதைப் பார்த்தால் பூசை மாதிரி இருக்கும். எது முதலில், எது பிறகு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சிஸ்டர் கதவருகே நின்று சொல்லச் சொல்ல, தண்ணீர் கூடக் குடிக்காமல், கன்னத்தில் மாஸ்கின் தழும்போடு, வேர்த்து வடிந்து நர்சுகள் ஒவ்வொருத்தியாக வெளியே வருவார்கள். பாவம், அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அத்தனையும் முறைப்படி கழற்றி, முறைப்படி கழுவிக்கொண்டு, நேராக உடை மாற்றும் அறைக்குள் போவார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஏசி உண்டு. முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, உன் குழம்பு எனக்கு, என் பொரியல் உனக்கு என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாஸ்க்? அது வார்டுக்கு. வார்டில்தான் நோயாளி இருக்கிறார். இங்கே நம்ம ஆட்கள்தானே.

அன்று பிரேமலதாவுக்குப் பிறந்தநாள். மான்குர்த்திலிருந்து வருகிற பெண், சிரித்த முகம், சிஸ்டருக்குச் செல்லம். ரீனா மாட்டுங்காவில் கேக் வாங்கி வந்திருந்தாள். சிஸ்டர் விடுவாரா? வெளியிலிருந்து வந்த பொருள் அல்லவா? டப்பாவின் ஆறு பக்கமும் சானிட்டைசர் அடித்தார். கத்தியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். மேசையை ஹைப்போ மருந்து போட்டுத் துடைத்தார். எல்லோர் கையையும் மோந்து பார்த்தார்.

"தொண்ட கரகரங்குது சிஸ்டர்" என்றாள் பிரேமலதா. "ஏசி ஒத்துக்கல போல."

"வெந்நி குடி பிள்ள, சரியாப் போயிரும்."

இதே வார்த்தையை நோயாளியோடு வந்த பாய்சாப் சொல்லியிருந்தால், அடுத்த நிமிஷம் அவர் மூக்கில் குச்சி ஏறியிருக்கும்.

மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஸ்பிரிட் போட்ட கத்தி பக்கத்தில் பளபளக்க, ஸ்பிரிட் தேய்த்த கைகள் தட்ட, பிரேமலதா குனிந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கேக்கின் மேல் முழுவதும் படும்படி ஊதினாள். ஒரு மெழுகுவர்த்தி மட்டும் அணைய மாட்டேன் என்றது. சிஸ்டரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டக் குனிந்து சேர்ந்து ஊதினார். பிறகு பம்பாய் வழக்கப்படி, பிறந்தநாள்காரி ஒவ்வொருவர் வாயிலும் துண்டு வைக்க, ஒவ்வொருவரும் அவள் வாயில் வைக்க, ரீனா அவள் கன்னத்தில் கிரீமைப் பூச, ஒரே சிரிப்பு. அங்கே இருந்த யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. தொற்றுத் தடுப்பில் பயிற்சி பெற்றவர்கள் அத்தனை பேரும்.

அந்த வாரக் கடைசியில் பிரேமலதாவுக்குக் காய்ச்சல். அடுத்து ரீனா. அடுத்து சிஸ்டருக்குத் தொண்டை கம்மியது. வகுப்பெடுத்த அலுப்பு என்று வெந்நீர் குடித்தார். பிறகு மச்சிலிருந்து இருமல் கேட்டது.

யாருக்கு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது சிஸ்டரின் வேலை. ஒன்றுவிடாமல் கண்டுபிடித்தார். பிரேமலதாவுக்கு வார்டு நோயாளி. ரீனாவுக்கு பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்றவர்கள். தனக்கு? ஏணியடியில் நின்று மேலே பார்த்தார்.

"வெளிய எங்கயும் போனியளா?"

மேலிருந்து, "ஒரு நா போனேன். கரீம் பாட்சா கடையில ஒரு டீ. தள்ளித்தான் நின்னேன்" என்று குரல் வந்தது.

சிஸ்டர் அழுதார், கத்தினார், தலையில் அடித்துக்கொண்டார். அத்தனை கோபத்துக்கும் அடியில் ஒரு பெரிய நிம்மதி இறங்கி உட்கார்ந்தது. விசாரிக்க வந்த சுகாதாரப் பணியாளரிடம் "டீக்கட" என்றார். கல்லி முழுவதும் அதைக் கேட்டது. மறுநாளிலிருந்து கரீம் பாட்சாவின் கடைக்கு ஈ கூட வரவில்லை. அவருக்கும் வீட்டாருக்கும் பரிசோதனை செய்தார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. சிஸ்டர் அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"குச்சிய உள்ள வரைக்கும் விட்டு எடுத்திருக்க மாட்டாவ. எடுக்கிற முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

சூசைமாணிக்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். சிஸ்டரைத் தனிமைப்படுத்தும் மையத்தில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். அங்கே கரும்பலகையைப் பார்த்தபடி அவர் கர்த்தரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் போன் வந்தது. மூச்சு வாங்க வாங்கச் சூசைமாணிக்கம் பேசினார்.

"ஏட்டி, தப்புப் பண்ணிட்டேன். ஒனக்குத் தொண்ட கம்மியிருந்துச்சே, கசாயம் போட இஞ்சி இல்லையேன்னுதான் எறங்கிப் போனேன். போன எடத்துல டீயயும் குடிச்சித் தொலச்சிட்டேன். ஒனக்கும் நாந்தான் கொண்டாந்துட்டேன்."

சிஸ்டர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். தொண்டை கம்மியது முதலில். இஞ்சி வாங்கப் போனது பிறகு. டீ அதற்கும் பிறகு. சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற வரிசை, அதிலும் வரிசை தப்பாமல் சொல்லிக்கொடுத்தே பேர் வாங்கிய ஜெயசீலி சிஸ்டர். மெழுகுவர்த்தி புகைந்த வாசம் வரை அவருக்கு ஞாபகம் வந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இப்போது சொல்லி அவர் மனசைக் கலக்க வேண்டாம், மூச்சு திணறிவிடும் என்று தோன்றியது. மருத்துவக் காரணம்தான்.

"சரி விடுங்க" என்றார் சிஸ்டர். "நான் மன்னிச்சிட்டேன்."

சூசைமாணிக்கம் பிழைத்துவிட்டார். இப்போது ஒரு வாக்கியத்துக்கே இளைப்பு வருகிறது. கரீம் பாட்சா கடைப்பக்கம் அவர் போவதில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது, தன்னால்தானே அவன் பெயர் கெட்டது என்று சுற்றுவழியாகப் போகிறார். சிஸ்டருக்கு அவர்கள் ஊர்க்காரர் சங்கத்தில் சால்வை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். கொள்ளைநோயில் கவனமாக இருப்பது எப்படி என்று பேசிய சிஸ்டர், "எங்க வீட்டுக்காரவியளையே சொல்லுதேன், ஒரு டீக்கு ஆசப்பட்டு" என்று ஆரம்பித்து முழுக் கதையும் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சூசைமாணிக்கம், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். கூட்டம் கை தட்டியது.

நீங்கள் இப்போது ஜெயசீலி சிஸ்டர் மேல் கோபமாக இருக்கிறீர்கள். இருக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? உங்கள் வீட்டுக்கு அது வந்தபோது, யாரால் வந்தது என்று சொன்னீர்கள்? பால் போடுகிறவரா, லிஃப்டில் தும்மினவரா, பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவா? அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மச்சினர் வீட்டில், நம்ம ஆட்கள்தானே என்று கதவைச் சாத்திக்கொண்டு, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டதை யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. போகட்டும். பாத்திரம் தேய்த்த அந்த அம்மாவை மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டீர்களா?