எட்டாவது வரியின் கமா

எதற்கும் பட்டியல் வைத்திருப்பவள் நான். முதல் வேலைக்கான நேர்காணலுக்கும் வைத்திருந்தேன். சார்ஜ், இணையம், என் தலைக்குப் பின்னால் கொடியில் துணி தொங்காமல் இருப்பது (அம்மாவிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று) என்று பதினோரு வரிகள். நைனாவை (அப்பாவைத்தான்) மட்டும் எழுத மறந்துவிட்டேன்.

டவுன் பஸ் கண்டக்டரான நைனா, விடிந்ததும் மலையேறி முருகன் கோயில் திருநீற்றோடு இறங்கி வந்தார். என் நெற்றியில் பூசினார். மிச்சத்தை லேப்டாப்பின் நெற்றியில் பூசினார். திரைக்கு மேலே இருக்கும் பட்டைதான் அதன் நெற்றி என்பது அவர் முடிவு. கேமராவை மட்டும் காப்பாற்றினேன்.

நேர்காணல் வீடியோவில். என் திரையில் இருப்பது நேர்காணல் எடுப்பவருக்கும் அப்படியே தெரியும்.

"எழுத்து சின்னதா இருக்கும்மா, பெருசாக்குங்க" என்றார் அவர்.

நான் புரோகிராம் எழுதும் எடிட்டரின் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து, எழுத்தின் அளவை ஒன்பதாவது வரியாகச் சேர்த்தேன். அந்தக் கோப்பில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே கமா வேண்டும். எட்டாவது வரியின் முடிவில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. சேமித்தேன். எழுத்து வளரவில்லை, கமா வேண்டும் என்று சிவப்புக் கோடுதான் வந்தது. மேற்கோள் குறி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வரிசையாகச் சோதித்தேன். சரியாகவே இருந்தன.

"எட்டாவது வரியில கமா இல்லையேம்மா."

"இருக்கு சார்."

"எனக்குத் தெரியலையே."

"உங்க பக்கம் நெட் ஸ்லோவா இருக்கும் சார். நல்லா பாருங்க." (வேலை கேட்டு வந்தவள் நான்.)

பாவம், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அப்போதும் இல்லையாம். எடிட்டரை உருவாக்கியவர்கள்மீது பழியைப் போட்டேன். கால் மணி நேரம் போயிருந்தது. முதல் கேள்வியே இன்னும் வரவில்லை.

கதவோரம் நின்றிருந்த நைனாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமா, சார்கிட்ட சண்ட போட்டுகினு கீற?" என்று குனிந்து பார்த்தார். "எது, இதுவா கமா? துண்ணூறும்மா! நான் பூசறப்போ கொட்டிக்கிச்சு."

தோள் துண்டால் ஒரே துடைப்பு. கறுப்புத் திரையில் வெள்ளையாக நின்ற என் கமா காணாமல் போனது.

மைக் அணைக்கப்படவில்லை. அந்தப் பக்கம் அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த ஊரும்மா?"

"திருத்தணிங்க, மலைக்குக் கீழயே" என்று கேமராவுக்குள் தலையை நீட்டினார் நைனா.

மிச்ச நேரத்தில் பாதிக் கேள்விதான் முடிந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை. வேறொரு கம்பெனியில் சேர்ந்து மூன்று வருடமாகிறது. வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால், அம்மா முந்தானை நுனியால் என் முகத்துக்கு முன்னால் காற்றைத் துடைப்பாள்.

முக்கியமான மீட்டிங் என்றால் நைனா இன்றும் மலைக்குப் போய் வருகிறார். பொட்டலத்தைப் பிரித்து, லேப்டாப் முன்னால் நின்று, மிகுந்த மரியாதையோடு கேட்கிறார்:

"எந்த லைன்ல வெக்கட்டும்?"