பெயரெழுதி

உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகப்படுத்துகிறேன். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘பெயரெழுதி’. பள்ளிக்கூடத்தில் பிறப்பது, பிறகு எந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்வது. ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியே கால் வைத்ததும் இது எழுந்திருக்கும். கரும்பலகையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுக்கும். ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டு அதற்கு அடிக்கோடும் போடும். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று, எந்த வாய் முதலில் அசையும் என்று காத்திருக்கும். யாருமே பேசாவிட்டால்? பாவம், அந்த நாளே வீண். ஆனால் அப்படி ஒரு நாள் இதுவரை விடிந்ததில்லை.

நான் பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியன். எங்கள் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நெற்றியில் திருநீற்றோடு வந்து ‘அருள் நிறைந்த மரியே’யைப் பிசகில்லாமல் சொல்கிறவர்கள். கார்த்திகையில் மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் வரும் பையன்கள்தான் மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில் கட்ட வைக்கோல் சுமந்து வருவார்கள். பன்னிரண்டு மணிக்கு மாதா கோயில் மணி அடித்தால் ஓடுகிறவன் ஓடிய இடத்திலும், தண்ணீர் பிடிக்கிறவள் குழாயடியிலும் அப்படியே நின்று கண்ணை மூடவேண்டும். உருளுகிற பந்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

இத்தனை மரபுகளுக்கும் காவலாக ஒரு காலத்தில் பிரம்பு இருந்தது. சட்டம் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டது. காலியான இடத்தில் பட்டியல் வந்து உட்கார்ந்தது. பிரம்பு கொடுத்த வலி சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். பட்டியல் ஃபைலுக்குப் போகும்.

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் லீடர் காளிதாஸ், இந்த இனத்தின் உயர்ந்த ரகம். ஒட்ட வெட்டிய தலை, கழுத்துவரை பொத்தான், அச்சடித்தாற்போன்ற கையெழுத்து. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டால் மறுபடி பேசினான் என்று அர்த்தம். இரண்டு போட்டால் அடங்கவில்லை. மூன்று போட்டால் பெற்றோரை அழைக்கவும். பேச்சோடு அவன் நின்றுவிடவில்லை. சிரித்தவர்கள், சிரிக்க வைத்தவர்கள், ஜன்னல் பக்கம் பார்த்தவர்கள் என்று கிளைப் பட்டியல்கள் முளைத்தன. ஒருநாள் ‘ஜெபத்தில் கண் திறந்தவர்கள்’ என்று ஒன்று கொண்டுவந்தான்.

“நீ கண்ண மூடியிருந்தா அவங்க தொறந்தது உனக்கு எப்படிப்பா தெரியும்?” என்று கேட்டேன்.

“எனக்கு டூட்டிங்க அய்யா” என்றான்.

நான் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இங்கே கொஞ்சம் கவனியுங்கள். பெயரெழுதி தானாக வளர்வதில்லை. கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றாம் பாடவேளை என்னுடையது. ஆசிரியர் அறையில் தேநீர் சூடாக இருந்ததால் இரண்டொரு நிமிடம் தாமதித்தேன். அந்த நேரத்தில் வகுப்பில் மைதிலி என்ற பெண் மயங்கி விழுந்தாள். ஜேடர்பாளையத்திலிருந்து காலை ஆறே முக்கால் பஸ்ஸில் வருகிறவள்; அன்று சாப்பிடாமல் வந்திருக்கிறாள். விழும்போது தலை பெஞ்சின் விளிம்பில் பட்டது. ஜாமெட்ரி பாக்ஸ் தரையில் சிதறியது. பக்கத்தில் இருந்த அபிநயா எழுந்து, “ஐயோ, மைதிலி உழுந்துட்டா” என்று கத்தினாள்.

காளிதாஸ் எழுதினான்: அபிநயா.

அவள் இடத்தைவிட்டு எழுந்ததற்கு ஒரு குறி. “தண்ணி கொண்டாங்கடி” என்றதற்கு ஒரு குறி. அனுமதி இல்லாமல் வெளியே ஓடி சிஸ்டரை அழைத்து வந்ததற்கு ஒரு குறி. தண்ணீர் கொடுத்தவர்கள், விசிறியவர்கள், தூக்கியவர்கள், தூக்கத் தெரியாமல் அழுதவர்கள் எல்லோரும் வரிசையாகப் பலகையில் ஏறினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் மைதிலியைத் தூக்கிக்கொண்டு ஓய்வறைக்குப் போயிருந்தார்கள். காலி வகுப்பில் காளிதாஸ் மட்டும் பலகைக்கு முன்னால் நின்று நாற்பத்தோராவது பெயரை எழுதிக்கொண்டிருந்தான்.

“என்னப்பா ஆச்சு?”

“எல்லாருமே பேசிட்டாங்க அய்யா.”

பக்கத்து வகுப்பில் விசாரித்து, மயக்கம் என்று தெரிந்து ஓய்வறைக்கு ஓடினேன். சர்க்கரைத் தண்ணீர் குடித்து மைதிலி எழுந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். நிம்மதியோடு திரும்பி வந்தேன். காளிதாஸ் பட்டியலை நோட்டில் நகலெடுத்து நீட்டினான். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மூன்று குறி வாங்கியவள் அபிநயா ஒருத்திதான். அலுவலகத்திலிருந்து அவள் வீட்டுக்குச் சீட்டுப் போனது.

மறுநாள் காலை அவள் அம்மா வசந்தாமணி வந்துவிட்டார். கோழிப் பண்ணையில் முட்டை அடுக்கும் வேலை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், தலைமையாசிரியை சிஸ்டரின் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஏனுங்க சிஸ்டர், எம்புள்ள என்னங்க தப்புப் பண்ணுச்சு? ராத்திரி பூராக் கேட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குது. அழுதுட்டே கெடக்குதுங்க.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். “வகுப்புல பேசியிருக்காங்க. மூணு தடவை எச்சரிச்சும்...”

“என்ன பேசுச்சுங்க?”

கேட்டீர்களா? பதினொரு வருடமாகப் பட்டியல்களில் கையெழுத்துப் போடுகிறேன். என்ன பேசினார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை. காளிதாஸை அழைத்தோம். அவன் நோட்டைப் பார்க்காமலே ஒப்பித்தான்.

“‘ஐயோ, மைதிலி உழுந்துட்டா’ன்னு பேசுனாளுங்க சிஸ்டர்.”

சிஸ்டர் நோட்டை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“மைதிலி பேரும் இருக்கே?”

“விழுந்தப்ப டம்முனு சத்தம் வந்துச்சுங்க.”

“அவ விழுந்தப்ப நீ என்ன செஞ்ச?”

“எழுதிட்டு இருந்தேனுங்க.”

“தூக்கணும்னு தோணலையா?”

அவன் உண்மையாகவே யோசித்தான். அதுதான் என்னைக் கலக்கியது. பொய் சொல்லத் தேடுகிற முகம் அல்ல அது; கேள்வி புரியாத முகம். “நானும் தூக்கப் போயிட்டா யாருங்க சிஸ்டர் எழுதறது?”

சிஸ்டர் சீட்டைக் கிழித்தார். லீடர் பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார். வசந்தாமணிக்குக் கோபம் அவன்மேல் நிலைக்கவில்லை. அவன் தோளைத் தொட்டு, “ஏஞ்சாமி, நாளைக்கு நீ உழுந்தீன்னா உன்னைய ஆரு தூக்குவாங்க?” என்றார்.

“நான் உழுகமாட்டேனுங்க” என்றான் காளிதாஸ்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் நல்லவனாகத் தப்பித்திருப்பேன். பேட்ஜ் அபிநயாவுக்குப் போனது. அவள் முதல் நாள் பலகையில் கோடு போடவில்லை. இரண்டாம் நாளும் போடவில்லை. “பேசினவங்க யாரும்மா?” என்று கேட்டதற்கு, “எல்லாருந்தான் பேசுனாங்க அய்யா, நானுந்தான்” என்றாள். எவ்வளவு நேர்மையான பதில். அதை வைத்துக்கொண்டு ஒரு வாத்தியார் என்ன செய்வது? ஆசிரியர் அறைக்குக் கேட்கிற அளவுக்கு ஒன்பது ‘பி’ இரைந்தது. பக்கத்து வகுப்பு அறிவியல் ஆசிரியர் முறைத்தார். என் தேநீர் பாதி டம்ளரோடு ஆறியது.

காளிதாஸ் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனோடு பேசவில்லை. பேசினாலும் அவனுக்குப் பேசத் தெரியவில்லை. மைதிலி ஒருநாள் திரும்பி ரப்பர் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டுப் பதறிப்போய்ப் பலகையைப் பார்த்தான். மத்தியானம் வேப்பமரத்தடியில் தனியாகச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை அவனை வராந்தாவில் நிறுத்தினேன். “பேர் ஏதாச்சும் குறிச்சு வெச்சிருக்கியாப்பா?” என்று மெதுவாகக் கேட்டேன். அந்த முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பையிலிருந்து ரஃப் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். தேதி, நேரம், குறிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. நடுவில் இப்படி ஒரு வரி: ‘செவ்வாய். மைதிலி விழுந்த அன்று. தமிழ் அய்யா, பெல் அடித்துப் பதினேழு நிமிடம் கழித்து வந்தார்.’ அதற்குக் கீழே வேறு நான்கு தேதிகள். என் பெயரை ஒட்டிக் குறிகள் மூன்றைத் தாண்டிப் போயிருந்தன.

“இதை யார்கிட்டயாவது காட்டினியா?”

“யாரும் கேக்கலீங்க அய்யா.”

திங்கட்கிழமை சிஸ்டரிடம் போய், பையன் ரொம்பத் திருந்திவிட்டான், வகுப்புக்குக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது, இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்றேன். அபிநயா பேட்ஜைத் திருப்பிக் கொடுத்து, “அப்பாடா, நிம்மதிங்க அய்யா” என்றாள். அவள் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். அன்று மாலை ரஃப் நோட்டை வாங்கிப் பார்த்தபோது கடைசிப் பக்கம் இல்லை. அது எங்கே என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எழுத மட்டும் தெரிந்தவரைக்கும் அவன் குஞ்சுதான். எதைக் கிழிக்கவேண்டும் என்று தெரிந்த அன்றைக்குத்தான் சிறகு முளைத்தது. முளைக்கவைத்தது யார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சிறகு முளைத்தவை இப்போது எங்கெங்கோ இருக்கின்றன. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிவதற்கு முன்னால் எழுந்தது யார் என்று கவனிக்கின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் பார்த்தும் வாழ்த்துப் போடாதவர்களை எண்ணுகின்றன. சாவு வீட்டில்கூட வராதவர்கள் பட்டியலோடுதான் அழுகின்றன. விழுந்தவரைத் தூக்க அவற்றுக்குக் கை ஒழிவதில்லை.

அது இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, ‘அட, இது நம்ம இன்னாரேதான்’ என்று உங்களுக்குச் சிலர் நினைவுக்கு வந்திருப்பார்களே, எத்தனை பேர்? மூன்றா, ஐந்தா? அதில் யாருக்கு எத்தனை குறி என்பதும் இந்நேரம் முடிவாகியிருக்குமே?