நெற்றிப்பொட்டில் துடிக்கும் புண்ணியவான்

கோபக்காரர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கத்துவார்கள், தட்டைத் தள்ளுவார்கள், கொஞ்ச நேரத்தில் காபி கேட்பார்கள். நான் சொல்ல வந்தது கோபமே வராத புண்ணியவான்களை. இவர்களைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்த்துப் பயனில்லை. அங்கே சாந்தம் வழியும். காதுக்கு முன்னால், சற்று மேலே, நெற்றிப்பொட்டைப் பாருங்கள். தோலுக்கடியில் ஒரு தவளை உட்கார்ந்து மூச்சு விடும்.

எங்கள் மௌலா அலி காலனியில் விஸ்வநாத் மாமா இந்த இனத்தில் முதல்வர். பால் தண்ணீராக வந்தால், "பரவாயில்லை." தவளை ஒரு குதி. பேப்பர் நனைந்து வந்தால், "அதனால என்ன?" இன்னொரு குதி. மாடி வீட்டு கிரி ஸ்கூட்டரை இவர் கேட்டை அடைத்து நிறுத்தினாலோ, சிரித்துக்கொண்டே, வயிற்றை உள்ளே இழுத்து, வேட்டியைச் சுருட்டிப் பிடித்து, இடுக்கு வழியாக நண்டு மாதிரி நழுவி, கண்ணை மூடி மனசுக்குள் ராமநாமம் சொல்லுவார். மனசுக்குள் ராமன். வாய்க்குள் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் லங்கை யுத்தம்!

"டாடி, குஸ்ஸாவா?" என்பாள் மகள் ஸ்ரேயா.

"எனக்கா? கோபமா? சேச்சே!"

தலைவலி வராமல் இருக்குமா? வந்தது. கண்ணாடி மாற்றினார். சுக்குப் பற்றுப் போட்டார். நீலா மாமி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். ராமநவமிக்கு முந்தின வாரம் இட்லியை வாயில் போடப் போனவருக்கு வாய் திறக்கவில்லை. காலனி பஜனையில் முதல் பாட்டு எடுப்பவர் அவர்தானே! அவர் எடுக்காவிட்டால், சுருதியோடு ஜன்மப் பகையுள்ள நாராயணஸ்வாமி எடுத்துவிடுவார். அதை நினைத்ததும் வாய் இன்னும் இறுகிற்று.

பல் டாக்டர் ப்ரியம்வதா, "மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா வாய்ல வைங்க மாமா" என்றாள். ஒன்றுதான் போயிற்று.

"இது மெல்லுற தசை. காதுக்கு மேல விசிறி மாதிரி விரிஞ்சு, கன்ன எலும்புக்கு அடியில போய்த் தாடையைப் பிடிச்சிருக்கு. சாப்பிடத்தான் அது. நாள் பூரா பல்லைக் கடிச்சா இறுகிப்போயிடும். யார்மேல கோபம்?"

"எனக்கா? கோபமா?" என்றார் பல்லிடுக்கு வழியாக.

டாக்டர் அவர் பொட்டில் விரலை வைத்து, "இதோ, இங்க குதிக்குதே!" என்றாள்.

வெந்நீர் ஒத்தடம், குழைந்த சாதம், தூங்கும்போது பல்லுக்கு ஓர் உறை. மிச்ச வைத்தியம் மாமியுடையது. "ஏன்னா, ராமநாமத்தை வாய்விட்டுத்தான் சொல்லுங்கோளேன்! 'ரா'ன்னாலே தாடை தானா இறங்கறது. பல்லைச் சாத்திண்டா அவர் எப்படி வெளில வருவார்?"

ஆரம்பித்தார் பாருங்கள்! "ராமா! பால்ல தண்ணி ஜாஸ்தி!" "ராமா! பேப்பர் ஈரம்!" கடைசியில் கேட்டருகே நின்று, "ராமா! டேய் கிரி, ஸ்கூட்டரை எடுடா!"

கிரி ஓடி வந்தான். "ஹவ் ஹவ், சரி அங்கிள், இப்பவே எடுக்கறேன். முன்னாடியே சொல்லக் கூடாதா? இங்க நிழலா இருக்கு, இங்கயே விட்டுக்கோன்னு ஆண்ட்டிதானே சொன்னாங்க!"

மாமா திரும்பி மாமியைப் பார்த்தார். அப்புறம் நடந்தது தம்பதி விஷயம், நமக்கெதற்கு? அன்று சாயங்காலமே இரண்டாவது விரல் நுழைந்தது என்பது மட்டும் ஊரறிந்தது. நவமிக்குள் மூன்றாவதும்.

முதல் பாட்டு அவர்தான் எடுத்தார். அடுத்ததும் அவரே. அதற்கடுத்ததும். வாய் திறந்த ஆனந்தத்தில் மைக்கை விடவே இல்லை. நாராயணஸ்வாமி கையில் ஜால்ராவோடு, "பாடட்டும், பாடட்டும், எனக்கென்ன?" என்று புன்னகைத்தார். அவர் பொட்டு எழும்பி எழும்பி அடங்கியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, பகவான் உங்களை அப்படியே வைக்கட்டும். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாதாம். உங்களுடையவை இப்போது எங்கே இருக்கின்றன? அவசரமாகப் பிரிக்க வேண்டாம். நான் பார்த்துவிட்டேன்.