ஜாகுவாருக்குப் பூக்கேட்ட கதை

இந்த வீட்டில் இனிமேல் என் காரியத்தை நானே முடிவு செய்வது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு உறுதியாக முடிவெடுத்தேன். ஒன்பதே காலுக்கு அதற்கு அனுமதி கேட்க அடுக்களைக்குப் போனேன்.

கிருத்திகா அடுப்பில் கொள்ளு வேக வைத்துக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்று தொண்டையைச் செருமினேன்.

“என்னுங்க, இருமலா? மொளகு ரசம் வெக்கட்டுங்களா?”

“இருமல் இல்ல. ஒரு சமாச்சாரம்.”

“காரா?”

பதினெட்டு வருஷம் ஒருத்தியோடு குடித்தனம் செய்தால், நாம் வாயைத் திறப்பதே வீண் வேலை.

ஆமாம், கார்தான். ஓட்டுகிற கார் இல்லை. அது கொட்டகையில் நிற்கிறது, சாவி அவளிடம் இருக்கிறது. இது பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும் கார். கதவு தனி, கண்ணாடி தனி, ஸ்டியரிங் தனி. நாமே வெட்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசை வைத்து ஒட்டி, பெயின்ட் அடித்து நிறுத்த வேண்டும். மாடல் கிட் என்பார்கள். எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நாற்பத்தாறு வயது அருள்குமாருக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரில் எல்லோரும் கேட்டாகிவிட்டது.

போன வருஷம் பழைய கார்கள் ஊர்வலம் ஒன்று எங்கள் ரோட்டில் போனது. அதில் ஒன்று என் தோப்பு வாசலில் இளநீர் குடிக்க நின்றது. அறுபதுகளில் வந்த ஜாகுவார் இ-டைப். கரும்பச்சை நிறம், கம்பிச் சக்கரம், மூக்கு மட்டுமே ஒரு கட்டில் நீளம். நான் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, “கை வெச்சுப் பாக்கலாமுங்களா?” என்றேன். கார்க்காரர் என் கையைப் பார்த்தார். “தொடச்சுட்டு வைங்க” என்றார். துடைத்துவிட்டு வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. இந்த வயதில் இப்படி ஓர் ஆசையா என்று வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் ஒரு பக்கம் இருந்தது, ஆசை அதன் பாட்டுக்கு இருந்தது.

ஐந்து மாதம் கிட் பார்த்தேன். பெண் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு பார்க்கவில்லை. நிஜக் காரில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு என்று ஒன்று வருகிறது, சோப்பு டப்பா அளவு. இருபத்து நாலில் ஒரு பங்கு என்றால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் கதவு திறக்காது. எட்டில் ஒரு பங்கு என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுதான் கார். முழத்தைத் தாண்டும். மூக்கைத் தூக்கினால் உள்ளே இன்ஜின் இருக்கும். இன்ஜினுக்கு ஒயர் இருக்கும். சக்கரத்துக்குக் கம்பியை ஒவ்வொன்றாக நாமே கோக்க வேண்டும். அந்தப் படத்தை போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே என் கட்டை விரல் தேய்ந்துவிட்டது.

கிருத்திகா நியாயமானவள். சாண் காரை வாங்கிக்கொள்ளச் சொல்லி எப்போதோ சொல்லிவிட்டாள். நான்தான், கதவு திறக்காத காரில் மனுஷன் எப்படி ஏறுவான் என்று கேட்டு அந்த அனுமதியைத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

இன்று நெருக்கடி. கோயம்புத்தூர்க் கடைக்காரர் காலையில் போன் செய்திருந்தார். பெரிய இ-டைப் ஒரே ஒரு பெட்டிதான் மிச்சமாம். இன்னொருவரும் கேட்கிறாராம். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எனக்காக எடுத்து வைப்பார். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, டவுன் நெரிசலில் நுழைந்து கடையைப் பிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். நாலரைக்காவது நான் வண்டியில் இருக்க வேண்டும்.

“கடைசிப் பெட்டியாமா கிருத்திகா. ஆறு மணி வரைக்குந்தான்.”

“வாங்கி எங்க வெச்சு ஒட்டுவீங்க?”

“சாப்பாட்டு மேசைல.”

“நாம எங்க உக்காந்து திங்கறது?”

“கீழ சம்மணம் போட்டுத் தின்னா முட்டிக்கு நல்லதாமா.”

“எத்தன நாளைக்கு?”

“ஒரு ஆறு மாசம்.”

“மொசலு எத்தன நாள் வளத்துனீங்க?”

“மூணு வாரம்.”

“மீன் தொட்டி?”

“அது மீன் மேல தப்பு.”

“கீபோர்டு கத்துக்கறேன்னு வாங்குனது?”

நான் ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்த்தேன். அதுவும் என் பக்கம் பேசவில்லை.

கிருத்திகா அடுப்பைத் தணித்தாள். “வேண்டாம்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க. வேணும்னா எனக்கு மனசு ஒப்பல. ஒண்ணு பண்ணலாமுங்க. மாகாளியம்மங்கிட்டப் பூக்கேட்டுப் போடலாம். பெரிய காரு, இல்லீனா இனிக் கார்ப் பேச்சே கிடையாது. அம்மன் சொன்னா நானு ஒரு வார்த்தை பேச மாட்டனுங்க.”

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசினாலும் சரி, தோப்பில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் சரி, சந்தேகம் வந்தால் பூக்கேட்பார்கள். ஒரு பொட்டணத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வந்த பூதான் அம்மன் வாக்கு, அதற்குமேல் அப்பீல் கிடையாது. எங்கள் கோயிலில் இதற்கு ஒரு முறை உண்டு. பொட்டணம் கட்ட வேண்டியது வீட்டு ஆண்பிள்ளை. கேள்வியைச் சொல்ல வேண்டியது வீட்டுப் பெண்பிள்ளை. எங்கள் கல்யாணமே அப்படிக் கேட்டு வந்ததுதான். அன்று வெள்ளைப் பூ வந்தது. அம்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, இதை கிருத்திகா படிப்பாள்.

வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன். வாசலுக்கு வந்து நந்தியாவட்டைச் செடி முன்னால் நின்றேன். வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. சிவப்புப் பூவுக்குப் பக்கத்து வீட்டுக் கமலாத்தாளின் செம்பருத்தி வரை நடக்க வேண்டும். வெயில் வேறு. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பொட்டணம் கட்டுவது யார்? நான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எனக்கு.

இரண்டிலும் நந்தியாவட்டை வைத்துக் கட்டினேன். அம்மனை ஏமாற்றவில்லை, அவளுக்கு யோசிக்கிற சிரமத்தைக் குறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நெஞ்சு மட்டும் நம்ப மறுத்தது.

கோயில் நடையை மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். நாங்கள் போனபோது மூன்றே கால். பூசாரி பொங்கியண்ணனுக்கு அவசரம் என்ற சொல்லே தெரியாது. விளக்கைத் துடைத்தார். திரியைத் திரித்தார். கண்ணாடியைத் தேடினார், அது அவர் நெற்றியில் இருந்தது. மூன்றரை ஆனது. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

“என்ன அருளு, இப்படி வேர்க்குது? நெலம் வாங்கறயா?”

“இல்லீங்ணா. காரு.”

“பெரிய காரா?”

“முழத்துக்கு மேலீங்ணா.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பொட்டணங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். “அம்மிணி, கேள்வியச் சொல்லு.”

கிருத்திகா கண்ணை மூடிக் கும்பிட்டாள். நானும் மூடினேன். மூடிய கண்ணுக்குள் இ-டைப் கரும்பச்சையாக வந்து நின்றது.

“ஆத்தா, எங்க ஊட்டுக்காரரு பெரிய காருப் பெட்டி கேக்கறாரு. செவப்புப் பூ வந்தா வாங்கிக்கட்டும். வெள்ளப் பூ வந்தா வேண்டாம்.”

நான் கண்ணைத் திறந்தேன்.

“என்னது? தலைகீழாச் சொல்றே? வெள்ளதான வாங்கறது?”

“அப்படிச் சட்டமா இருக்குதுங்க? பூசாரீண்ணா, கேக்கறவங்க சொல்றபடிதானுங்களே?”

“கேக்கறவங்க சொல்றபடிதான்,” என்றார் பொங்கியண்ணன். “எப்படிச் சொன்னா என்ன அருளு? உள்ள ஒரு வெள்ள, ஒரு செவப்பு. அம்மனுக்குத் தெரியாதா?”

அம்மனுக்குத் தெரியும், அதுதான் எனக்குக் கவலை. அவர் கை பொட்டணத்தை நோக்கி நீண்டது. என் கார் என் கண் முன்னால் ஒவ்வொரு சக்கரமாகக் கழன்றது.

“நில்லுங்க!” என்று கத்தினேன். கோயில் மணியே ஒருமுறை அதிர்ந்த மாதிரி இருந்தது. “எலை… எலை கிழிஞ்சிருக்குதுங்ணா. பூ வெளிய தெரியும். வேற எலைல கட்டிட்டு வந்தர்றேன்.”

பூசாரி கண்ணாடியை இறக்கிப் பார்ப்பதற்குள் இரண்டையும் அள்ளிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் ஓடினேன். அங்கே ஒரு பூவரச மரம் நின்றது. அதன் பக்கத்திலேயே, கொத்துக் கொத்தாகப் பூத்த செவ்வரளி. அம்மனே நட்டு வைத்தது போல இருந்தது. நந்தியாவட்டையை வேலிக்கு அப்பால் வீசினேன். பூவரச இலை இரண்டு, செவ்வரளி இரண்டு. இப்போது இரண்டும் சிவப்பு. சிவப்பு வந்தால் வாங்கலாம். அவளே அவள் வாயால் சொன்னது. நாரை முடிச்சுப் போடும்போது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

மூச்சு வாங்க வந்து பொட்டணங்களை நீட்டினேன். மூன்று ஐம்பது.

“ம், எடுங்ணா. எனக்கு நேரமாகுது.”

“சித்தெ இருங்க,” என்றாள் கிருத்திகா. “பூசாரீண்ணா, பொட்டணம் புதுசு. பழைய கேள்வி செல்லுங்களா?”

பொங்கியண்ணன் யோசித்தார். அவர் யோசிப்பதை நான் வெறுத்தேன். “செல்லாது அம்மிணி. எடுத்த பொட்டணத்தோட கேள்வியும் போச்சு. மறுக்காச் சொல்லோணும்.”

“சொன்னதையே சொல்லிரு கிருத்திகா!” என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

அவள் கும்பிட்டாள். “ஆத்தா, அவரு சொன்னதும் சரிதான். நம்ம பக்கத்து வழக்கப்படியே கேக்கறேன். வெள்ளப் பூ வந்தா காரு வாங்கட்டும். செவப்பு வந்தா வேண்டாம்.”

எனக்குக் காது அடைத்துவிட்டது.

“அண்ணா, இந்த எலையும் சித்தெ…”

“அருளு!” பூசாரிக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். “அம்மன் என்ன டவுன் பஸ்ஸா, எறங்கி எறங்கி ஏர்றதுக்கு? இனிப் பொட்டணத்தத் தொட்டீன்னா தெய்வக் குத்தம்.”

தொடவில்லை. கிருத்திகாவைப் பார்த்தேன். அவள் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசாரியின் கை முதலில் இடது பொட்டணத்துக்குப் போனது. பிறகு வலதுக்கு வந்தது. மறுபடி இடதுக்குப் போனது. அம்மா தாயே, வலதை எடுக்கட்டும் என்று வேண்டினேன். எதை எடுத்தால் என்ன? இரண்டையும் கட்டியவன் நான். அப்படியிருந்தும் ஏதாவது ஒன்று உள்ளேயே வெளுத்துப் போகாதா என்று முழு மனதோடு கும்பிட்டேன். அவ்வளவு உண்மையான பக்தியோடு என் ஆயுளில் கும்பிட்டதில்லை.

வலதைத்தான் எடுத்தார். நாரைப் பிரித்தார். இலையை விரித்தார்.

செவ்வரளி சிரித்தது.

“வேண்டாங்குது அருளு,” என்றார் பூசாரி மெதுவாக. பிறகு மற்றப் பொட்டணத்தையும் எடுத்தார். “இதுல வெள்ளதான்…”

“அது இருக்கட்டுங்ணா,” என்று கிருத்திகா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். “பிரிக்க வேண்டாம். அவருக்குத் தாங்காது.”

அப்போது என் போன் அடித்தது. கடைக்காரர். “சார், கெளம்பிட்டீங்களா?”

“அந்த இன்னொருத்தருக்கே குடுத்துருங்க,” என்றேன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பிளாஸ்டிக் காருக்காகக் கோயில் வாசலில் கண் கலங்கி நின்றேன். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

திரும்பும்போது கிருத்திகாதான் வண்டி ஓட்டினாள். பிரிக்காத பொட்டணம் அவள் மடியில் இருந்தது.

“எப்படித் தெரிஞ்சுது?” என்றேன்.

“காலைல நந்தியாவட்டையப் பறிச்சீங்க, அப்படியே உள்ள வந்துட்டீங்க. கமலாத்தா ஊட்டுப் பக்கம் தலை வெச்சே படுக்கல. அப்பறம் கோயிலுக்குப் பின்னால அரளிச் செடி அந்த ஆட்டம் ஆடுச்சு, காத்தே இல்லாம.”

“அதுக்காக இப்படியா மாத்தி மாத்திக் கேப்பே? காரு வாங்கக் கூடாதுன்னே முடிவு பண்ணி வந்திருக்கறே.”

“அய்யோ, இல்லீங்க. அம்மன் சரின்னு சொல்லிப்போட்டா நானு தடுக்க முடியுமா? மத்தியானமே சாப்பாட்டு மேசையத் தொடச்சு ஒதுக்கி வெச்சுப்போட்டுத்தான் வந்தேன்.”

வண்டி எங்கள் தோப்பு வளைவில் திரும்பியது. அவள் கியரை மாற்றிக்கொண்டே, நிஜமான வருத்தத்தோடு சொன்னாள்:

“ஒழுங்கா ஒரு செவப்பு, ஒரு வெள்ளன்னு கட்டியிருந்தா, நானு எப்படிக் கேட்டிருந்தாலும் பாதிக்குப் பாதியாச்சும் காரு வந்திருக்குமில்லீங்க?”