இட்லி நன்றாக இருக்கிறதாம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தலவாக்கலையிலிருந்து தங்கை நிஷாந்தி. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், முகாம் முழுக்கக் கேட்கும். அதனால்தான் தாமதமானாலும் கடிதம்.

என் வீட்டுக்காரருடைய ஊர் என்று நம்பி வந்தோம், வந்ததும் அவர் வேலைக்குக் கத்தாருக்குப் போய்விட்டார், நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இட்லிக்கடை போட்டேன், அங்கே சாப்பிட வருகிறவர்கள் பேசுவதெல்லாம் சிங்களம், எனக்கோ அதில் ஒரு சொல் வராது, திருச்சி அகதி முகாமில் பிறந்த நம் லோஜினிதான் தெருப்பிள்ளைகளோடு விளையாடியே அதைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வயதில் கல்லாவில் நின்று எனக்கும் ஊருக்கும் நடுவே பேசுகிறாள். இந்தக் குளிரில் மாவு பொங்குவதே இல்லை, பி.காம். படித்த எனக்கு அது உறைக்கவும் இல்லை, ஏனென்றால் ஒரு கண்டக்டர் தினமும் இட்லியைத் தூக்கிக் காட்டி ஏதோ சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், "என்னடி சொல்றாரு?" என்பேன், "நம்ம இட்லி தின்னா பஸ்ஸே மலையேறிருமாம்மா" என்பாள், நானும் பூரித்துப்போய் இன்னும் இரண்டு வைப்பேன். பஸ் நேரம் குறிக்கும் டைம்கீப்பர் ஐயா சொன்னதாக, "உன்னப் பாத்தா அவரு தங்கச்சி ஞாபகம் வருதாம்மா" என்றாள் ஒருநாள். அந்த ஒரு வார்த்தையை வைத்தே பல நாள் ஓட்டினேன் அண்ணா.

நேற்று முதல்முறை சாப்பிட வந்த, தமிழும் சிங்களமும் தெரிந்த பக்கத்துத் துணிக்கடை றுமைஸா அக்கா, பாதியில் கையை நிறுத்திவிட்டார்.

"நிஷாந்தி, ஒங்க மக ஒங்களுக்கு ஒன்னு சொல்றா, அவங்களுக்கு ஒன்னு சொல்றா, தெரியாதா?"

மேட்டில் நிற்கும் பஸ் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இட்லி கேட்டிருக்கிறார் அந்தக் கண்டக்டர். டைம்கீப்பர் கேட்டது தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல். இவள் அவர்களிடம், எங்கம்மாவுக்கு இங்கே யாரையும் தெரியாது, கோவிக்காமல் நாளைக்கும் வாங்க என்றிருக்கிறாள்.

"ஏன்டி பொய் சொன்ன?"

"நல்லாருக்குன்னு சொன்னாத்தானம்மா நீ சிரிக்கிற."

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டேன்.

இத்தனை மாதமாக இந்த ஊரில் என்னோடு பேசியது அவள் ஒருத்திதான் அண்ணா. ஊர் பேசியதாக நினைத்ததெல்லாம் அவள் பேச்சு. பிள்ளை இதையா சுமப்பது? திருச்சியில் ஓர் அறை வாடகைக்குப் பாருங்கள். கடையை மூடிவிட்டு வருகிறோம். அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு, சின்னவனுக்கு ஒரு முத்தம். எல்லோரும் சுகமாக இருங்கள்.

உங்கள் தங்கை,
நிஷாந்தி

பி.கு.: இன்று லோஜினியைக் கல்லாப் பக்கமே வரக்கூடாது என்று பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தனியாக நின்றேன். டைம்கீப்பர் வந்து ஒரு வாய் வைத்தார். அவளைத் தேடினார். காணோம். பிறகு என்னையே பார்த்து, வேப்பங்காயைக் கடித்தவர்போல முகத்தைச் சுளித்தார். எனக்கு முழுசாகப் புரிந்தது. சிரித்துவிட்டேன், அவரும் சிரித்துவிட்டார். இந்த ஊர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. அறை பார்க்க வேண்டாம் அண்ணா.