டவுன் பஸ்ஸுக்குள் ஒரு சூரியன்

சூரியனை டவுன் பஸ்ஸில் ஏற்றிய ஒரே மனிதர், இந்தப் பிரபஞ்சத்திலேயே நாங்கள் 'சுழற்சி' என்று பட்டப்பெயர் வைத்த கண்டக்டர்தான்.

அறுபத்தொன்று, அறுபத்திரண்டில் திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் இருந்தார். பாலக்கரை வாசகசாலையில் ஆங்கில விஞ்ஞானப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு நேராக டியூட்டிக்கு வருவார். படிக்கட்டில் பத்துப் பேர் தொங்க, பஸ்ஸின் நடுவில் இடம் காலியாகக் கிடந்தால் மற்ற கண்டக்டர்கள் திட்டுவார்கள். இவர் பிரசங்கம் செய்வார்.

"நட்சத்திரம் ஏங்க சாகுது? நடுவுல எரியறதுக்கு ஒண்ணும் இல்லாம போயிடுது. வெளிய மட்டும் எரிபொருள் மலை மாதிரி நிக்கும், உள்ள வராது. உங்கள மாதிரியே!"

"அதுக்கு என்னய்யா பண்ணணும்?" என்பார் வாழைத்தாரோடு நிற்கும் ஒருவர்.

"சுத்தணுங்க! வேகமா சுத்தினா அதுக்கு இடுப்பு புடைக்கும். இடுப்புல சூடு குறையும், மேலயும் கீழயும் கொதிக்கும். அந்த வித்தியாசத்துல உள்ள இருக்கறது வெளிய வரும், வெளிய இருக்கறது உள்ள போகும். தானா கலந்துக்கும். எங்க, இடது வரிசை முன்னால போங்க, வலது வரிசை பின்னால வாங்க!"

அதிசயம், ஜனங்கள் நகர்ந்தார்கள். சில சமயம் நகர்வதை நிறுத்தவும் முடியவில்லை.

"நான் ஆஸ்பத்திரி ஸ்டாப்ல இறங்கணும்யா!"

"அடுத்த சுத்துல இறங்கலாங்க."

ஒரு வைகுண்ட ஏகாதசி. ஏழு வயது மகள் சித்ராவின் கையை இறுகப் பிடித்தபடி ஏறினேன். பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. கண்டக்டர், "சுழற்சி!" என்றார். கூட்டம் திரும்பியது. கையைப் பார்த்தேன், அவளுடைய வளையல் மட்டும் இருந்தது.

"என் பொண்ணக் காணோம்யா!"

"பதறாதீங்க சார், உள்ளதான் இருக்கும். ஒரு சுத்து வந்தா உங்ககிட்டயே வந்துடும்."

"ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"சூரியனுக்கா? கோடிக்கணக்கான வருஷம்."

"யோவ்! காவிரிப் பாலம் வந்துடுச்சுய்யா! அவ படிக்கட்டுப் பக்கம் போயிருந்தா?"

அப்போதுதான் அவர் முகம் மாறியது. "டிரைவரண்ணே, எங்கயும் நிறுத்தாதீங்க! குழந்தை கிடைக்கற வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது!"

நான் கத்தினேன். இறங்க வேண்டியவர்கள் என்னைவிட அதிகமாகக் கத்தினார்கள். அதற்கப்புறம் அவள் ஸ்கூல் விட்டு வரப் பத்து நிமிஷம் தாமதமானாலும் நான் அந்தப் பாலம் முழுவதையும் இன்னொரு தடவை கடப்பேன்.

ஸ்ரீரங்கம் வந்து பஸ் நின்றபோது, வேட்டிகளுக்கு நடுவிலிருந்து சித்ரா வெளிப்பட்டாள். தலையில் யாரோ சூட்டிய கனகாம்பரம். கையில் பாதி தின்ற வாழைப்பழம்.

"அப்பா, இன்னொரு சுத்து போகட்டுமா?"

திட்டித் தீர்ப்பது என்று கண்டக்டர் பக்கம் திரும்பினேன். ஒரு குழந்தைகூட வெளியே நழுவிவிடாதபடி, படிக்கட்டுக்குக் குறுக்கே நின்று இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்திருந்தார்.

"இறங்குங்க சார்," என்றார். ஆனால் கை கம்பியை விடவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.